யார் தட்டினாலும்

பெற்றோருக்கான அக்டோபர் மடலில் முன்பே சொல்லியிருந்த ஒத்திகைதான். துப்பாக்கிக்காரன் பள்ளிக்குள் நுழைந்தால் எப்படி ஒளிந்துகொள்வது என்று பழக வேண்டும். லிண்ட்குவிஸ்ட் டீச்சர் வகுப்பைப் பூட்டி, விளக்கை அணைத்தாள்.

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள்.

“மிஸ், நான் பிரிட்டா. பாத்ரூம் போயிருந்தேன். திறங்க மிஸ்.”

“பாவம் மிஸ், அழறா,” என்றான் ஓவன்.

“பேசாதே. பூட்டிட்டா யாருக்கும் திறக்கக்கூடாது.” டீச்சர் சாவியைப் பைக்குள் போட்டாள்.

ஒத்திகை முடிந்ததும், கதவைத் திறக்காததற்காகத் தலைமையாசிரியர் டீச்சரைப் பாராட்டினார்.

“அடுத்த மடல்ல இதை எழுதிடறேன். பெத்தவங்க நிம்மதியா இருப்பாங்க.”

மாலையில் வீட்டுக்கு வந்த லிண்ட்குவிஸ்ட் டீச்சர், மாடியறைக் கதவைத் தட்டினாள்.

“பிரிட்டா, அம்மா பேசறேன்டி. கதவைத் திற.”

உள்ளிருந்து குரல் வந்தது.

“பூட்டிட்டா யாருக்கும் திறக்கக்கூடாது மிஸ்.”