வரிசையில் ஒரு பிளாஸ்டிக் ஜீப்

"என்னங்க, அந்த மனுசன் கையில வச்சிருக்கிறத பாருங்க."

பெற்றீசியா பின்சீட்டிலிருந்து புருசனின் முதுகைச் சுரண்டினாள். ஓட்டோவின் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டிருந்த மைக்கல் எட்டிப் பார்த்தான்.

"வெளாட்டு ஜீப்பு."

"அத தூக்கிட்டு வரிசையில நிக்கிறாரா?"

"அப்புடித்தான் தெரியுது."

தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் பூசை முடிந்து, ஃபாதர் வாகனங்களை மந்திரித்துக்கொண்டிருந்தார். வருசத்துக்கு ஒரே ஒரு நாள்தான். வேன், லொறி, மோட்டர் சைக்கிள் எல்லாம் தீர்த்தம் வாங்கி ஓரங்கட்டியாகிவிட்டது. மிச்சம் இரண்டு பேர். முன்னால் சூசைரட்ணம், ஒரு சாண் நீள பிளாஸ்டிக் ஜீப்போடு. பின்னால் இவர்களுடைய ஓட்டோ.

சூசைரட்ணத்தைத் தெரியாதவர்கள் தோட்டத்தில் இல்லை. பெக்டரி வேலை முடிந்து வந்தால் அவருக்குப் பிளாஸ்டிக் கார்தான் உலகம். பெட்டிக்குள் துண்டு துண்டாக வருமாம். ஒவ்வொன்றையும் அரத்தால் ராவி, பசை வைத்து ஒட்டி, நாலு மயிர் தூரிகையால் கதவுக் கைப்பிடிக்குக்கூடப் பெயின்ட் அடிப்பாராம். பொஞ்சாதி கேத்ரின் குவைத்தில் பாடுபடுகிறாள், இவர் இங்கே கார் விளையாடுகிறார் என்று பெண்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பேச்சு.

பெற்றீசியாவுக்குக் கண்கள் எரிந்தன. மடியில் எட்டு மாதக் குழந்தை. பல் முளைக்கிற காய்ச்சல். மூன்று நாளாகத் தூக்கமே இல்லை. பிள்ளை தூங்கவிட்டிருந்தாலும் அவள் தூங்கியிருக்க மாட்டாள். போன கிழமைதான் கீழ் வளைவில் ஓர் ஓட்டோ தேயிலைக்குள் குடைசாய்ந்தது. இன்றைக்கு மைக்கலுக்கு முதல் ஹயர், வாடகைக்கு ஆள் ஏற்றப் போகிறான். மந்திரிக்காமல் அந்த வளைவைத் தாண்ட விடமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்று இங்கே கூட்டி வந்திருந்தாள்.

ஃபாதர் கையைத் திருப்பி மணி பார்த்தார். பொகவந்தலாவையில் அடுத்த பூசை. மழை வேறு கறுத்துக்கொண்டு வந்தது. வாளியில் தீர்த்தம் அடிமட்டத்தில் கிடந்தது.

"சீக்கிரம், சீக்கிரம்! அடுத்தது யாரு?"

சூசைரட்ணம் ஓர் அடி முன்னால் வைத்தார்.

பெற்றீசியா குழந்தையோடு இறங்கிவிட்டாள்.

"அண்ணே, இது கோயில். பொம்மைய கொண்டாந்து நிக்கிறீங்களே, வெக்கமா இல்லையா? நாங்க கைப்புள்ளயோட உசிர கையில புடிச்சிட்டு நிக்கிறோம். ஒங்களுக்கு வெளாட்டா இருக்கா?"

ஓரத்தில் நின்ற லொறிக்காரர் சிரித்தார். "ஏம்ப்பா சூசை, லைசன்ஸ் இருக்கா?"

"டிரைவர் யாரு, எறும்பா?" என்றார் பக்கத்தில் நின்றவர்.

சூசைரட்ணம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். குழந்தை வீரிட்டு அழுதது. அவர் குழந்தையைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார்.

"நீங்க போங்க தங்கச்சி."

ஒதுங்கிக்கொண்டார்.

ஃபாதர் செபம் சொல்லி, ஓட்டோவின் மூன்று சில்லிலும் கண்ணாடியிலும் தெளித்தார். கையோடு வந்த கடைசிச் சொட்டைக் குழந்தையின் தலையில் தடவினார். வாளி காலி. "எல்லாம் முடிஞ்சுதுதானே?" என்று கேட்டுக்கொண்டே, பதிலுக்கு நிற்காமல் வேனில் ஏறிப் போய்விட்டார்.

மழை சோவென்று பிடித்தது. மைக்கல் ஓட்டோவுக்கு மழைப் படங்கை இழுத்துவிட ஓடினான். பெற்றீசியா குழந்தையைப் பொத்திக்கொண்டு கோயில் தாழ்வாரத்தில் ஏறினாள். அங்கே சூசைரட்ணம் நின்றிருந்தார், ஜீப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

பேசாமல் நிற்க அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

"நல்லாத்தாண்ணே செஞ்சிருக்கீங்க."

உண்மையாகவே நன்றாகத்தான் இருந்தது. மெல்லிய கம்பியில் வைப்பர். டயரில் மணல் நிறத்துப் புழுதி. நகக்கண் அளவு நம்பர் பிளேட்டில் அரபு எழுத்து. பின்கதவில் மட்டும் நீளமாக ஒரு கீறல்.

"புது ஜீப்புக்கு எதுக்குண்ணே கீறல்?"

"அந்த வண்டியில இருக்குதுல்ல தங்கச்சி. போட்டோவ பாத்துப் பாத்து, மூணு தரம் அழிச்சுட்டுத்தான் சரியா போட்டேன்."

"எந்த வண்டி?"

அதற்குள் அவருடைய போன் அலறியது. திரையில் முக்காடு போட்ட ஒரு முகம். கேத்ரின்.

"ஏங்க, என் வண்டிக்கு ஃபாதர் தண்ணி தெளிச்சாரா?"

பெற்றீசியாவின் கை குழந்தையின் முதுகில் அப்படியே நின்றது.

"நாளைக்கு இந்த வீட்டுப் புள்ளைங்க நாலு பேரயும் ஏத்திட்டு பெரிய ரோட்டுக்குப் போவச் சொல்லிட்டாங்க. தூண்ல ஒரசுன நாள்லருந்து ஸ்டியரிங்க தொட்டாலே கை நடுங்குதுங்க. வண்டிய ஃபாதர் முன்னுக்கு எப்புடி கொண்டாறதுன்னு அழுதப்ப, அதே மாதிரி செஞ்சு நான் கொண்டுபோறேன்னு நீங்கதானே சொன்னீங்க? சொல்லுங்க, தெளிச்சாரா?"

சூசைரட்ணம் போனைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்தார். மற்றக் கையால் ஜீப்பைத் தாழ்வாரத்துக்கு வெளியே நீட்டினார். கூரையில் பட்டுத் தெறித்த மழை ஜீப்பின் மேல் பொட்டுப் பொட்டாக விழுந்தது. பிறகு அதைப் போனுக்கு முன்னால் பிடித்தார்.

"நீயே பாரு. ஈரம்கூட இன்னும் காயல."

"அப்பாடா!" கேத்ரின் கும்பிட்டாள். "இது போதும், நாளைக்கு எடுத்துருவேன். பொம்மைன்னு யாரும் சிரிக்கலையே? வரிசையில நிக்க விட்டாங்களா?"

பெற்றீசியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"யாரு சிரிக்கப் போறாங்க?" என்று போனை அவள் பக்கம் திருப்பினார் சூசைரட்ணம். "இந்தா நிக்குதே, மைக்கல் பொஞ்சாதி. கைப்புள்ளயோட நின்னுக்கிட்டே நமக்கு எடம் விட்டுக் குடுத்தது இந்தத் தங்கச்சிதான்."