மூன்றாவது ஆள்

கண்டிக்கு வெளியே, மலைச்சரிவில் இருக்கும் விளையாட்டுப் பூங்காவில் பகல் வெயில் நீர்ச்சறுக்கின் மேல் வழுக்கி இறங்குகிறது. பிள்ளைகளின் கூச்சல் ஓய்வதில்லை. ஈரத்தரையில் வேட்டிக்கரை படாமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறு கையில் மகனின் போனை ஏந்தி நிற்கிறேன். ராட்டினத்தின் முன்னால் மகன் கதிர்வேலும் மருமகள் புனிதாவும் நிற்கிறார்கள். "மாமா, நீங்களும் வாங்க" என்கிறாள். "மூணு பேரா நின்னு படம் எடுத்தா ஆகாதுன்னு அப்பா வரமாட்டாரு" என்று மகன் சிரிக்கிறான். அந்த விதியை வீட்டில் வைத்தவன் நான்தான். சென்ற ஆண்டு வரை என் மனைவி இருந்தாள். நாங்கள் நால்வராக நின்றோம். வழியில் போன தொப்பிக்காரர் ஒருவர் நின்று, "ஐயா, நீங்களும் போய் நில்லுங்க, நான் எடுத்துத் தாரேன்" என்கிறார். என் கால் ஓர் அடி முன்னே போகிறது. "எங்க வீட்டுல அது வழக்கமில்ல, தம்பி" என்கிறது வாய். அவர் தலையசைத்துவிட்டுப் போகிறார். போனின் திரையைப் பார்க்கிறேன். இருவரும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு, இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்கிறேன். அவர்கள் நெருங்கியதும் அந்த இடம் மூடிக்கொள்கிறது. படத்தை எடுக்கிறேன்.