லாரியிலிருந்து தெறித்த கல்

"ஸ்ஸ்..."

முன் சீட்டில் உட்கார்ந்தபடியே காரின் முன்கண்ணாடி விரிசலைத் தடவிப் பார்த்த மனைவி, விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். நுனியில் பொட்டளவு ரத்தம்.

"கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா?" என்று அலுத்துக்கொண்டே, கண்ணாடி மாட்டும் கடை வாசலில் காரை நிறுத்தினார் கணவர். காலையில் அவர் பெட்ரோல் போடப் போனபோது லாரி டயரிலிருந்து கல் தெறித்துவிட்டதாம். கண்ணாடியில் பாதி, சிலந்தி வலை பின்னியதுபோல் கிடந்தது.

அவளுக்கு விரலைவிட மனசுதான் வலித்தது. விடிந்தால் அக்கா வீட்டுக்குப் பயணம். அக்கா புதுவீடு கட்டி ஒரு வருஷமாகிறது. இன்னும் வாசலை மிதித்தபாடில்லை. ஒருதரம் இவருக்கு வயிற்றுவலி, அடுத்த தரம் ஆபீசில் அவசர வேலை. இப்போது லாரி.

முதல் கடைக்காரர் பிரச்சினையே இல்லை என்றார். "அரை மணி நேரத்துல மாட்டிடலாம் சார். டீ குடிச்சுட்டு வாங்க, வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிடலாம்."

அவள் முகம் மலர்ந்தது. கணவர் முகம் சுருங்கியது.

"பசை காய வேணாமா? எங்கயாவது மோதினா, ஏர்பேக் விரிஞ்சு இந்தக் கண்ணாடி மேலதான் சாயும். கண்ணாடி கழண்டுக்கிட்டா ஏர்பேக்கும் இல்ல, நாமளும் இல்ல" என்று மளமளவென்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டார்.

சீட் பெல்ட் போடச் சொன்னால் சட்டை கசங்கும் என்கிற மனுஷன். இவரா இப்படிப் பேசுகிறார்?

இரண்டாவது கடையில் மூன்று மணி நேரம் கேட்டார்கள். கண்ணாடியின் மூலையில் தரமுத்திரை மங்கலாக இருக்கிறது என்று அங்கேயும் கணவர் உதட்டைப் பிதுக்கினார்.

மூன்றாவது கடைக்காரர் நிதானமானவர். பழைய பசையைச் சுரண்டணும், துரு இருக்கான்னு பார்க்கணும், பூச்சு கொடுக்கணும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, "நாளைக்குப் பூரா வண்டியை அசைக்கக் கூடாது. கதவைக்கூட ஓங்கிச் சாத்தாதீங்க" என்றார்.

"பார்த்தியா, இதுதான் கடை" என்று சாவியை நீட்டினார் கணவர். "என்ன பண்றது? சகலை தன் புதுவீட்டுல குழாய் குழாயாத் திறந்து காட்டலாம்னு ஆசையா இருந்திருப்பார். எனக்கு உன் உயிர்தான் முக்கியம்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. போனை எடுத்தாள். "அக்கா, நாளைக்கு வர முடியாதுக்கா. உன் வீடு எங்கே போகுது? இவர் எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்றார் தெரியுமா..."

அவள் குரல் கம்முவதைக் கேட்டுக் கடைக்காரர் பதறிவிட்டார். "பயப்படாதீங்கம்மா" என்று, சாய்த்துவைத்திருந்த புதுக் கண்ணாடியைத் தட்டிக் காட்டினார். "இது ரெண்டு அடுக்கு, நடுவுல படலம். லாரிக் கல்லு பட்டா வெளி அடுக்குதான் உடையும். உள்பக்கம் வழவழன்னு அப்படியே இருக்கும். குழந்தைகூட தடவலாம்."

"அக்கா, வச்சுடாதே. லைன்லயே இரு."

அவள் தன் விரல் நுனியைப் பார்த்தாள். திடீரென்று குனிந்து டயரில் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த கணவரைப் பார்த்தாள்.

"அப்போ, உள்ளே உட்கார்ந்து தடவின என் விரல் எப்படிங்க கீறுச்சு?"