டிராகனின் முறை

ஷாஃப்ஹவுசன் நகரில் அக்‌ஷயாவின் வீட்டில், பகடை உருட்டி ஆடும் சாகசக் கதை விளையாட்டை வினோதன் முதன்முறையாக நடத்தினான். கற்றுக்கொடுத்த அக்‌ஷயா பக்கத்தில் இருந்தாள். எதிரே அவளுடைய அப்பா கனகசபை. இரண்டு குளிர்காலமாக அவர் ஆடி வளர்த்த வாள்வீரன், கதையில் இப்போது டிராகனின் முன் நின்றான்.

ஆடுபவர் பார்க்காதபடி பகடையை மறைக்கும் அட்டைக்குப் பின்னால், கதை நடத்தும் வினோதன் டிராகனுக்காக உருட்டினான். இருபது முகப் பகடையில் உச்ச எண்ணான இருபது விழுந்தது. வீரன் பிழைக்க வழியில்லை.

“குறைச்சுச் சொல்லுங்கோ,” என்று அக்‌ஷயா அவன் காதில் கிசுகிசுத்தாள். “சாப்பிட்ட பிறகு எங்கடை கலியாணத்தைப் பற்றி அப்பாட்டைக் கேக்கவேணும்.”

வினோதன் அட்டையை எடுத்துவிட்டான்.

“அங்கிள், உங்கடை ஆள் செத்திட்டார்.”

கனகசபை எட்டிப் பகடையைப் பார்த்தார்.

“நீ குசுகுசுத்தது எனக்கும் கேட்டது, பிள்ளை,” என்றார். பிறகு வினோதனிடம் திரும்பினார். “சரி மருமகன், செத்தவீடு முடிஞ்சுது. கலியாணத்துக்கு நாள் பாப்பம்.”