தேயாத மெஷின்

"யார் யாரைப் பார்த்துக் காப்பியடிச்சது? அதை மட்டும் சொல்லுங்க."

பேராசிரியை இரண்டு விடைத்தாள்களை உறையிலிருந்து எடுத்து மேஜையில் அருகருகே விரித்து வைத்தார். எதிரே நெட்டையனும் வாயாடியும் நின்றார்கள். மேக்ரோ பொருளாதார ஆராய்ச்சி வகுப்பில் மொத்தமே ஏழு பேர். அதில் இவர்கள் இருவரும்தான் புலிகள்.

"நான்தான் மேடம்," என்றான் நெட்டையன்.

"பொய் மேடம். நான்தான்," என்றாள் வாயாடி.

"ஓஹோ, தியாகமா? இந்த நாடகமெல்லாம் என்கிட்ட வேண்டாம்." பேராசிரியை சிவப்புப் பேனாவால் ஒரு வரியைத் தட்டினார். "ஒரு நாட்டோட பொருளாதாரத்தைச் சமன்பாடா எழுதி, கம்ப்யூட்டர்ல ஓட்டி, அது எப்ப ஏறுது, எப்ப இறங்குதுன்னு காட்டச் சொன்னேன். மெஷின் வருஷா வருஷம் தேயும். அந்தத் தேய்மானத்தைக் கழிக்கணும். நீங்க ரெண்டு பேரும் கூட்டி வச்சிருக்கீங்க!"

தாளில் இருந்த வரைபடத்தை அவர்கள் பக்கம் திருப்பினார்.

"அதாவது, உங்க நாட்டுல மெஷின் ஓட ஓடப் பெருசாகுது. தொழிற்சாலை தானா வளருது. மந்தமே வராது. கோடு கூரையைப் பிச்சுக்கிட்டு மேல போகுது. இப்படி ஒரு நாடு இருந்தா நானே மூட்டை முடிச்சோட அங்க குடிபோயிடுவேனே!"

வாயாடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெட்டையன் அவள் காலை மிதித்தான்.

"சிரி, நல்லாச் சிரி. அடுத்த வருஷ ஆராய்ச்சிக்கு இடம் ஆறுதான். இந்தத் தாள்ல யாருக்குக் குறைஞ்ச மார்க்கோ, அவங்க பெட்டியைக் கட்டணும். மறந்து போச்சா?"

"அது மறக்குமா மேடம்?"

பேராசிரியை அடுத்த உறையைப் பிரித்தார். கூட்டல். அதற்கடுத்தது. கூட்டல். ஐந்தாவது, ஆறாவது... கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். எல்லாமே கூட்டல்.

"ஆறு பேருமா?"

ஏழாவது உறையில் கை வைத்தார்.

"அதைப் பிரிக்க வேண்டாம் மேடம்," என்றாள் வாயாடி மெல்ல. "அதுலயும் கூட்டல்தான். அது அக்காவோடது."

அக்கா என்றால் வகுப்பிலேயே மூத்தவள். பத்து வருடம் வேலை பார்த்துவிட்டு மறுபடி படிக்க வந்தவள்.

"பொண்ணுக்குக் காய்ச்சல்னு அக்கா நேத்து காலையிலயே ஆபீஸ்ல முதல் ஆளா தாளைக் கொடுத்துட்டுப் போயிட்டாங்க. பத்து மணிக்கு எங்க எல்லாருக்கும் ஒரு மெசேஜ். 'எனக்குக் கோடு மேலயே போகுது, இறங்கவே மாட்டேங்குது. உங்களுக்கும் அப்படித்தானா?'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'ஆமாக்கா, எங்களுக்கும் அப்படித்தான்'னு சொல்லிட்டோம். கொடுத்த தாளைத் திரும்ப வாங்க முடியாதுன்னு நினைச்சோம். வேற என்ன சொல்றது?"

"சொன்ன பொய்யை உண்மையாக்க வேண்டியதாப் போச்சு மேடம்," என்றான் நெட்டையன். "சரியா போட்டு வச்சிருந்த கணக்கைத் தப்பாக்க ஆறு பேருக்கும் மத்தியானம் முழுக்கப் போச்சு. சரியாப் போடறதைவிட அதுதான் கஷ்டம்."

"எல்லாருக்கும் ஒரே மார்க்னா கடைசின்னு யாரும் இல்லையே," என்றாள் வாயாடி. "யாரை அனுப்புவீங்க?"

"ஏழு பேரையும் அனுப்பினா?"

"அப்புறம் நீங்க காலி பெஞ்சுக்கா மேடம் பாடம் எடுப்பீங்க?"

பேராசிரியை விடைத்தாள்களை ஒரே அடுக்காக்கி ஓரமாக வைத்தார். பிறகு போனை எடுத்துத் துறைத்தலைவரைக் கூப்பிட்டார்.

"சார், எனக்கு அடுத்த வருஷம் ஏழு இடம் வேணும்... இல்ல, ஆறு பத்தாது... இடம் இல்லேன்னா என் ரூம்லயே ஒரு மேஜை போட்டுக்கறேன்... ஏழு. எழுதிக்கிட்டீங்களா? சரி."

போனை வைத்துவிட்டுத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"யாரும் எங்கயும் போக வேண்டாம். ஆனா இந்த மாதிரி மெஷினை இன்னொரு தடவை என் கண்ணுல காட்டினீங்க, தொலைச்சுடுவேன். நாளைக்குள்ள எல்லாரும் திருத்திக் கொடுக்கணும்."

"அக்காகிட்ட..."

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். போங்க."

இருவரும் கதவைத் தாண்டியதுமே வராந்தாவில் வாயாடியின் சத்தம் கேட்டது. "கூடப் பொறக்காத அக்காடா! விட்டுடுவோமா?"

பேராசிரியைக்குச் சிரிப்பு வந்தது. அதே சிரிப்போடு ஏழாவது உறையைப் பிரித்தார்.

கழித்தல் குறி. கோடு அழகாக ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. ஒரு பிழை இல்லை. முதல் பக்கத்தில் ஒரு துண்டுச்சீட்டு குத்தப்பட்டிருந்தது.

'மேடம், காலையில் கொடுத்த தாளில் ஒரு குறி தப்பு. மாலையில் அலுவலகத்தில் கெஞ்சி அதை வாங்கிக்கொண்டு, திருத்தியதை வைத்திருக்கிறேன். மற்ற ஆறு பேரும் அதே தப்பைத்தான் செய்திருக்கிறார்கள். தயவுசெய்து அவர்களுக்குத் திருத்த வாய்ப்புக் கொடுத்துவிடாதீர்கள்.'