பத்தடி நடை

"பரீட்சையில மூணாவதா வந்தவ, நாலு வார்த்தை பேசத் தெரியாம சீட்டைக் கோட்டை விட்டுட்டு வந்து நிக்கிறா."

கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லிவிட்டுத்தான் பத்தடியார் வியாபாரத்தையே தொடங்கினார். ஒரு வாரமாக இதே பாட்டு. மகள் அதே கடையின் பின்பக்கம், விலைபோகாமல் கிடந்த இரும்புக் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

பத்தடியார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. கடைத்தெரு வைத்தது. பழைய கட்டில், பீரோ, மேசை வாங்கி விற்பவர். எந்தச் சாமானையும் ஆசையாகப் பார்க்கவே மாட்டார். மனசு அதிலேயே கிடக்கும், முகம் மட்டும் வேறு பக்கம் பார்க்கும். "கிடைச்சா சரி, கிடைக்கலைன்னாலும் சரி. இன்னும் நாலு இடத்துல பார்த்து வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து நடப்பார். நடை என்றால் அப்படி ஒரு நடை, எறும்பு முந்திக்கொண்டு போகும். பத்தடிக்குள் பின்னாலிருந்து, "அண்ணே, வாங்க, பேசிக்கலாம்" என்று குரல் வந்துவிடும்.

எட்டாம் வகுப்போடு நின்றவர். அந்தப் பத்தடியை நடந்து நடந்தே கடை பிடித்தார், வீடு கட்டினார்.

மகளுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஆசைப்பட்டால் முகத்திலேயே தெரிந்துவிடும். அம்மா ஆபரேஷனுக்குப் படுத்திருந்த பதினோரு நாளும் கூடவே இருந்தவள், வீட்டுக்கு வந்த அன்றே நர்ஸ் படிக்கப் போகிறேன் என்றாள். அன்றிலிருந்து அந்த இரும்புக் கட்டில்தான் அவளுக்குப் பள்ளிக்கூடம். பழைய கேள்வித்தாள்களை அதில்தான் பரப்பி வைத்துப் படித்தாள். படித்து அலுத்தால், சுருக்கம் விழாமல் விரிப்பு போட்டுப் பழகினாள்.

அப்பா சாப்பிட உட்கார்ந்தால் அவர் முழங்கையைத் தொட்டு எலும்பின் பெயரைச் சொல்வாள். தோள்பட்டைக்குப் போவாள். பிறகு விலா.

"என்னைக் கூறு போட்டு விக்கப் போறியா?" என்பார் அவர். ஆனால் அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

நர்சிங் கல்லூரியின் எழுத்துத் தேர்வில் பல நூறு பேரில் மூன்றாவது இடம். மிச்சம் இருந்தது நேர்காணல் ஒன்றுதான். அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு அவரே ஸ்கூட்டரில் கூட்டிப் போனார். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களிடம் எப்படிப் பேச வேண்டும், எப்படி எழுந்து வர வேண்டும் என்று வழி முழுக்கப் பாடம் நடத்தினார்.

வெளியே வந்தவள் முகம் செத்திருந்தது. "பயத்துல வாய் அடைச்சுப்போச்சுப்பா. என் தப்புதான்" என்றாள். மறுநாள் ஒட்டிய பட்டியலில் அவள் பெயர் இல்லை.

"அவளே நொந்துபோயிருக்கா. வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சாதீங்க" என்று மனைவி கெஞ்சிப் பார்த்தாள். பத்தடியார் விடவில்லை. இத்தனை வருஷம் வாயை வைத்தே பிழைத்தவனுக்கு இப்படி ஒரு ஊமை பிறந்ததே என்றார். மகள் அப்போதும் தலையைக் குனிந்துகொண்டாள்.

எட்டாம் நாள் அவருக்கு வேறு சந்தேகம் வந்தது. மூன்றாவது வந்தவளை எவனாவது வேண்டாம் என்பானா? உள்ளே ஏதோ கைமாறியிருக்கிறது. ஸ்கூட்டரை எடுத்தவர் நேரே கல்லூரி முதல்வர் அறையில் போய்த்தான் நின்றார். வாய்க்கு வந்ததைக் கொட்டினார்.

முதல்வர் அம்மா தலை நரைத்தவர். பல வருஷம் வார்டில் நின்றவர், இதைவிடப் பெரிய கத்தலையெல்லாம் கேட்டவர். பத்தடியார் முடிக்கும்வரை காத்திருந்து ஒரு ஃபைலைத் திறந்தார்.

"உங்க பொண்ணு வாயடைச்சு நிக்கலை. தெளிவாத்தான் பேசினா. நீங்களே பாருங்க."

தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார். கேள்வியும் பதிலும் எழுதியிருந்தது.

இந்தப் படிப்பு உனக்கு ஏன் வேண்டும்? 'கிடைச்சா சரி, கிடைக்கலைன்னாலும் சரி.'

இங்கே இடம் இல்லையென்றால்? 'இன்னும் நாலு இடத்துல பார்த்து வச்சிருக்கோம்.'

பத்தடியாருக்குக் காகிதத்திலிருந்து தன் குரலே கேட்டது.

"யாராவது சொல்லிக் கொடுத்தாங்களாம்மான்னு கூடக் கேட்டேன். இல்லை மேடம், நானாத்தான் சொல்றேன்னுட்டா. வலியில துடிக்கிறவங்க பக்கத்துல நிக்கிற வேலைங்க இது. கிடைச்சா சரி, கிடைக்கலைன்னாலும் சரிங்கிற பொண்ணை நம்பி ஒரு உயிரை எப்படி ஒப்படைக்கிறது?"

"அவளுக்கு இது வேணும்மா" என்றார் பத்தடியார். "ரொம்ப வேணும்."

பிறந்ததிலிருந்து எவர் முகத்துக்கு நேரேயும் சொல்லாத வார்த்தை.

"இடமெல்லாம் நிரம்பிடுச்சு. அடுத்த வருஷம் முதல்லேருந்து எழுதிட்டு வரச் சொல்லுங்க" என்று ஃபைலை மூடிய முதல்வர் அம்மா, ஏதோ நினைவு வந்தவராக நிமிர்ந்தார்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். உங்க பொண்ணுக்குக் கால்ல ஏதாவது பிரச்சினையா?"

"ஏன்மா?"

"போகலாம்னு சொன்னதும் எழுந்தா. இந்தா இருக்கிற கதவுக்குப் போக அவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டா. அடி மேல அடி வச்சுப் போனா. வாசல்கிட்ட நின்னு ஒரு தடவை திரும்பிப் பார்த்தா. பாவமா இருந்தது."

பத்தடியார் மூடிய ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கால்ல ஒண்ணும் இல்லம்மா. பத்தடிக்குள்ள கூப்பிட்டுடுவாங்கன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்."