ஒருத்திக்கு மட்டும் லீவு

கரும்பலகையின் மூலையில் டீச்சர் எழுதினாள். பதிவு 23. வருகை 22.

கல்வி அதிகாரி முதலில் அந்த மூலையைத்தான் பார்த்தார்.

"வராத ஒண்ணு யாரு டீச்சர்?"

"செங்கல் சூளைப் பிள்ளை சார். ஒடிசாக்காரங்க. காய்ச்சல்."

சொன்ன மூன்றில் இரண்டு உண்மை.

முன்வரிசைப் பிள்ளைகள் அவளை நிமிர்ந்து பார்த்தார்கள். நேற்று அவர்களை வைத்துக்கொண்டுதான் சொன்னாள். ஜெமா, நாளைக்கு லீவு, நீ வரவேண்டாம்.

ஜெமா சிரித்தாள். லீவு என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

போன வருடம் இதேபோல் ஒரு சூளைப் பிள்ளை, எழுத்துக்கூட்ட முடியாமல் அதிகாரி முன்னால் நின்றது. மெமோ இவளுக்கு வந்தது. வீட்டில் கணவனிடம்கூடக் காட்டவில்லை. சூடு கண்ட பூனை. இந்தத் தடவை முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் துணிந்துவிட்டாள்.

ஜெமா வந்து ஐந்து மாதம் ஆகிறது. பேச்சில் கெட்டிக்காரி. சண்டையைக்கூடத் தமிழில்தான் போடுவாள். எழுத்துதான் இன்னும் பிடிபடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் பிடிபட்டிருக்கும்.

அந்த யாராவது யார் என்று டீச்சருக்குத் தெரியும்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து வாசித்தார்கள். தடங்கல் இல்லை. அதிகாரி திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டு பார்வை நோட்டைத் திறந்தார்.

ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் குடம் தெரிந்தது.

சூளைக்காரர்கள் தண்ணீர் பிடிப்பது பள்ளிக்கூடத்தை ஒட்டிய அடிபம்பில்தான். எல்லாம் யோசித்தவள் அதை யோசிக்கவில்லை.

ஜெமா கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். ஒரு வரிசை விடாமல் பார்த்தாள். அவள் முகம் ஐயோ பாவம் என்று ஆனது.

"டீச்சர், இன்னிக்கு லீவாச்சே. இவங்களுக்கு யாரும் சொல்லலியா?"

ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

அதிகாரி பேனாவை நிறுத்தினார்.

"காய்ச்சல்னு சொன்னீங்களே, இந்தப் பொண்ணா?"

டீச்சருக்கு அப்படியே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. காய்ச்சலெல்லாம் இல்லை சார், நான்தான் வரவேண்டாம் என்றேன். இவ்வளவுதான் சொல்லவேண்டும். வாயைத் திறந்தாள்.

ஜெமா டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். புது ரிப்பனில் உட்கார்ந்திருந்த தோழிகளைப் பார்த்தாள். மூன்றாவது வரிசையில் காலியாக இருந்த தன் இடத்தைப் பார்த்தாள்.

கம்பியை விட்டாள்.

யாருக்காவது உடம்பு சுட்டால் டீச்சர் செய்வதுபோலவே, புறங்கையைத் தன் கழுத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

"ஆமா சார். சுடுது."

டீச்சரின் வாய் திறந்தபடியே இருந்தது.

"அப்போ வெயில்ல ஏம்மா நிக்கிறே? போய்ப் படு," என்றார் அதிகாரி. குனிந்து எழுதத் தொடங்கினார்.

ஜெமா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். கேட் வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

கேட்டுக்குப் போனதும், ஞாபகம் வந்தவள்போல், ஒரு தடவை இருமினாள்.